வலது கால் முதலில்

பிசியோதெரபி படித்து முடித்து, வெள்ளைக் கோட்டின் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாமல் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, நம் தொழிலில் அதிகம் புழங்கும் வார்த்தை எது என்று உங்களைக் கேட்டால் ‘வலிக்குதா’ என்பீர்கள். இல்லை. ‘இன்னொரு தடவை’. மடக்குங்க, நீட்டுங்க, இன்னொரு தடவை. இதைச் சொல்லித்தான் நான் ஓய்வு பெறும் வரை சம்பளம் வாங்கினேன். இப்போதும் பழக்கம் விடவில்லை. வீட்டுக்காரர் தேங்காய் துருவினால்கூட, “தோளைத் தூக்காதீங்க, மெதுவா, இன்னொரு தடவை” என்று வாயில் தானாக வந்துவிடுகிறது. அவர் பாதித் தேங்காயோடு எழுந்து போய்விடுகிறார்.

திரும்பத் திரும்பச் செய்தால் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். வரும், சந்தேகமே இல்லை. ஆனால் எது வரும்? நாம் நினைத்ததா, அல்லது அந்த ஆள் உண்மையில் எதைத் திரும்பத் திரும்பச் செய்தாரோ அதுவா? இந்த வித்தியாசம் புரிவதற்கு எனக்குப் பல வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது என்றுதான் இந்தக் கதைகளைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தோள்பட்டை இறுகிப்போய் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சுவரில் விரல்களை வைத்து எறும்பு ஏறுவது மாதிரி மேலே மேலே கொண்டு போங்கள், காலையில் பத்து, மாலையில் பத்து என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் தோள் வீங்கி, ஒரு கையை இன்னொரு கையால் ஏந்திக்கொண்டு வந்து நின்றார்.

“என்ன மாமா பண்ணினீங்க?”

“நீ பத்துன்னு சொன்னே. பத்தோட நிறுத்தறதுக்கு மனசு ஒப்பலைம்மா. நூத்தெட்டாப் பண்ணிட்டேன்.”

“காலையிலயா, சாயந்தரமா?”

“ரெண்டு வேளையும்தான். குறை வைக்கப்படாதோல்லியோ?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஐஸ் வைத்துவிட்டேன். பிறகு எண்ணிக்கையை எடுத்துவிட்டு வேறு வழி சொன்னேன். தினமும் காலையில் பாசுரம் சேவிக்கிறவர் அல்லவா, ஒரு பாசுரம் முடிந்தால் ஒரு தடவை கையை ஏற்றுங்கள், அடுத்தது முடியும் வரை கை ஓய்வில் இருக்கட்டும் என்றேன். சில வாரத்தில் பரணிலிருந்து பாத்திரம் எடுக்கும் அளவுக்குத் தோள் தேறிவிட்டது. ஒரு ஆளுக்குப் பயிற்சி சொல்வதற்கு முன்னால், அந்த ஆள் ஏற்கெனவே எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர் என்று கேளுங்கள். இந்தக் கேள்வி எந்தப் பாடத்திலும் வராது.

தேன்மொழியின் கதை இப்படிச் சிரித்துவிட்டுப் போகிற கதை இல்லை. சிரிப்பு அதிலும் உண்டு, ஆனால் நடுவில் நான் பயந்துபோன நாட்களும் உண்டு.

அவள் திருவெள்ளறைப் பெண். கபடியில் பாடிப் போகிறவள். உங்கள் பேச்சில் ரைடர். ஒரே வார்த்தையை மூச்சு விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே ஏழு பேர் நிற்கும் இடத்துக்குள் போய்த் தொட்டுவிட்டுத் திரும்புகிற விளையாட்டு அது. ஒரு போட்டியில் நாலைந்து பேர் ஒன்றாக அவள் மேல் விழுந்ததில் வலது முட்டிக்குள் தசைநார் அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வர ஆரம்பித்தாள். ஊரிலிருந்து பஸ் பிடித்து, மாதக்கணக்காக, மழையிலும் தவறாமல் வந்தாள்.

அப்படி ஒரு நோயாளி கிடைத்தால் நம் துறையில் கொண்டாடுவோம். சொன்னதைச் சொன்னபடி செய்வாள். பதிலுக்குப் பதில் பேசுவாள், ஆனால் பேசிக்கொண்டே செய்வாள். மற்ற நோயாளிகளுக்கு அவளைத்தான் காட்டுவோம். “பாருங்க அந்தப் பொண்ண, ஒரு நாளாவது முகம் சுளிக்குதா?” என்போம். அவளுடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். களத்தில் ஆடிக் காட்டித் தேர்வாக வேண்டும். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவளுக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும். அம்மா வயல் வேலைக்குப் போகிறவர், தங்கை படித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீடே அவளுடைய வலது முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தேர்வு அந்த மாதக் கடைசியில். முட்டி தயார் என்று நான் கையெழுத்துப் போட்ட கடிதம் இருந்தால்தான் அன்று களத்தில் இறங்க விடுவார்கள். அந்தக் கடிதத்துக்காக நாங்கள் வைப்பது உங்களுக்கும் தெரிந்த பரீட்சைதான். ஒற்றைக் காலில் நின்று எவ்வளவு தூரம் தாண்ட முடிகிறது என்று அளப்பது. இரண்டு காலையும் தனித்தனியாக அளந்து, அடிபட்ட கால் நல்ல காலுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டால் போதும் என்போம்.

தேன்மொழியின் வலது கால் கிட்டத்தட்ட வரவில்லை. இடது காலைத் தாண்டிப் போய்விட்டது. டேப்பைப் பிடித்திருந்த பயிற்சி மாணவிகள் கைதட்டினார்கள். அவளுடைய கோச் ஜமால் சார், பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றவர், உள்ளே வந்தே விட்டார்.

“மாஷா அல்லாஹ்! போடுங்க மேடம் கையெழுத்த. நாளையிலேர்ந்து முழு மேட்ச்சுல இறக்கிடறேன்.”

பேனாவைத் திறந்துவிட்டேன். ஏனோ கை ஓடவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. காலையில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை ஊசலை ஆட்டவிட்டு நேரம் எடுக்கச் சொன்னவர். சாயங்காலக் காபி அவர் பொறுப்பு. டிகாக்ஷன் இறங்கும் நேரத்தில் விஷயத்தைச் சொன்னேன்.

“அறுத்துத் தச்ச காலு, அறுக்காத காலவிட தூரமாப் போகுதா?” என்றார்.

“ஆமாங்க.”

“எங்க லேப்ல ஒரு பையன் மூணு தடவையும் புள்ளி மாறாம ஒரே ரீடிங் கொண்டுவந்தா மார்க் போட மாட்டேன். யாரப் பாத்து எழுதினேன்னு கேப்பேன்.”

“இவ யாரப் பாத்து எழுதுவா? கால்தானே தாண்டுது?”

“இதே பரீட்சைய அவளுக்கு எத்தனவாட்டி வச்சே?”

ஒவ்வொரு மாதமும் வைத்திருந்தேன். கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தால் அவள் மகிழ்ச்சிக்காக இடையிலும் வைத்திருந்தேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். “ஊசல எத்தனவாட்டி ஆட்டினாலும் அது கத்துக்காதும்மா. மனுஷி கத்துக்குவா. நீ முட்டிய அளக்கறதா நெனச்சு, அவ பரீட்சைக்குப் படிச்சத அளந்துட்டு வந்திருக்கே.”

அன்றைக்குக் காபி எனக்கு ருசிக்கவில்லை. அவர் சொன்னது சரி என்று தெரிந்தால் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

மறுநாள் காலை சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். அதே நேரம் துறையூர் பக்கத்திலிருந்து திருவெள்ளறை வழியாக வரும் பஸ் உள்ளே நுழைந்தது. அதில் அவள் இருப்பாள் என்று தெரியும். கூப்பிடலாம் என்று நின்றேன்.

நம் ஊர் பஸ்ஸில் படி இடது பக்கம் இருக்கிறது. வண்டி முழுதாக நிற்கும் முன்பே இறங்குகிற ஊர் இது. இடது கால்தான் முதலில் தரைக்கு வரும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. பூக்கூடைக்காரர் அப்படி இறங்கினார், கல்லூரிப் பிள்ளைகள் அப்படி இறங்கினார்கள். தேன்மொழி கடைசிப் படிக்கு வந்தாள். நின்றாள். கம்பியைப் பிடித்து உடம்பை ஒரு திருப்புத் திருப்பி, வலது காலைக் கீழே வைத்தாள். பிறகு இடது காலைப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

பின்னால் நின்ற அம்மா ஒருவர் பொறுமை இழந்துவிட்டார். “என்னாடி இது, கல்யாணப் பொண்ணாட்டம் வலது கால எடுத்து வைக்கிற! எறங்கும்மா சீக்கிரம்!”

எனக்குச் சுருக்கென்றது. கூப்பிடாமல் பின்னாலேயே நடந்தேன். நடைமேடை முடிந்து தரைக்கு இறங்கும் இடம்: வலது கால். மருத்துவமனையில் மாடிக்கு மருந்துச் சீட்டு வாங்கப் போய் இறங்கி வந்தாள்: ஒவ்வொரு படிக்கும் வலது கால்தான் முதலில்.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். அறுவை சிகிச்சை ஆன முதல் வாரமே எல்லோருக்கும் நாம் சொல்லித் தருகிற பாடம் இது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். ஏனென்றால் இறங்கும்போது மேல் படியில் தங்குகிற கால்தான் மடங்கி, உடம்பின் பாரத்தை மெதுவாகக் கீழே இறக்குகிறது. அந்த வேலை நல்ல காலுக்குப் போகட்டும் என்று அப்படிச் சொல்கிறோம். அந்த வாரத்துக்கு அது சரியான பாடம். ஆனால் இதை எப்போது நிறுத்த வேண்டும் என்று யாராவது சொல்கிறோமா? கற்றுக்கொடுத்தாயிற்று என்று டிக் அடிக்க இடம் வைத்திருக்கிறோம். விடச் சொல்லியாயிற்று என்று டிக் அடிக்க எந்த மருத்துவமனையிலும் இடம் வைத்து நான் பார்த்ததில்லை. சோம்பேறி நோயாளிகள் தாங்களாகவே மறந்துவிடுவார்கள், தப்பித்துவிடுவார்கள். தேன்மொழி மாதிரிச் சமர்த்துப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள்.

பயிற்சி அறையில் அவளை உட்காரவைத்துக் கேட்டேன். “தேனு, ஒத்தக் கால்ல தாண்டறத வீட்ல பழகறியா?”

“தெனமும் மேடம்!” முகமெல்லாம் பெருமை. “மாட்டுக் கொட்டாய்க்கு முன்னாடி கோடு போட்டு வச்சிருக்கேன். பல்லு தேக்கறதுக்கு முன்னாடி அதான் வேல.”

“பஸ்ஸுல எறங்கறப்ப வலது கால ஏன் முதல்ல வைக்கிற?”

“நீங்கதானே மேடம் சொன்னீங்க?” என்று விழித்தாள். “எங்கம்மாவுக்குக்கூட சந்தோஷம். ஆபரேஷனுக்கு அப்புறந்தான் உனக்குப் பொம்பளப் புள்ள லட்சணம் வந்திருக்கு, எங்க போனாலும் வலது கால எடுத்து வைக்கிறேன்னாங்க.”

பாருங்கள், வேறு எந்த ஊரிலாவது இருந்தால் யாராவது ஏன் இப்படி இறங்குகிறாய் என்று கேட்டிருப்பார்கள். நம் ஊரில் அது நல்ல சகுனமாகப் போய்விட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

ஒரு தாழ்வான ஸ்டூலை எடுத்துப் போட்டேன். அதன் மேல் ஏறி நின்று, இடது காலை முதலில் இறக்கச் சொன்னேன். வலது முட்டி மடங்கத் தொடங்கியதும் நடுங்கியது. பாதி வழியில் உள்பக்கமாகச் சாய்ந்தது. சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். முதலில் சிரித்தாள். இன்னொரு தடவை செய்தாள். சிரிப்பு போய்விட்டது.

“நான் அவ்ளோ தூரம் தாண்டினேனே மேடம்?”

“தாண்டினது நெசந்தான். இடுப்பும் கணுக்காலும் சேந்து தாண்ட வச்சிருக்கு. முட்டி வேலைக்கே வரல.”

அந்த நேரம் பார்த்து ஜமால் சார் வந்தார். விஷயம் கேட்டதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“மேடம், பரீட்ச வச்சது நீங்க. பாஸ் பண்ணது அவ. இப்ப ஸ்டூல்லேர்ந்து எறங்கலன்னு சொல்றீங்க. கபடியில ஸ்டூல் எங்கங்க இருக்கு?”

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் வேறொன்று கேட்டேன். “சார், ஆபரேஷனுக்கு அப்புறம் இவ பாடிப் போயிட்டு எந்தப் பக்கமா திரும்பறா?”

“வலது பக்கம்.”

“இடது பக்கம்?”

“அது… அவ ஸ்டைல் மேடம்.” சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். சாவியைச் சுற்றிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. “முன்னாடி ரெண்டு பக்கமும் போவா.”

இடது பக்கம் வெட்டித் திரும்ப வேண்டுமானால் வலது காலை ஊன்றித்தான் தள்ள வேண்டும். உடம்புக்கு அது தெரியும், அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் தேர்வில் எதிரே நிற்பவர்கள் சும்மா விடுவார்களா? வலது பக்கத்தை அடைத்துவிட்டால் வேறு வழி இல்லாமல் இடது பக்கம் திரும்புவாள். அப்போது அந்த முட்டி உள்ளே சாயும்.

“கடிதம் தேர்வுக்கு முந்தின நாள்தான்,” என்றேன். “தருவேனாங்கறதும் அன்னிக்குத்தான் தெரியும்.”

தேன்மொழி எழுந்து நின்றுவிட்டாள். “மேடம், முட்டி போனா மறுபடி அறுத்துக்கலாம். வயசு போனா என்னா பண்றது? சொல்லுங்க.”

“முட்டி ரெண்டாவதுவாட்டி போச்சுன்னா உன் கபடியே போயிடும்டி. அப்ப எந்த வேலைக்கு எந்த வயசு இருந்து என்ன?”

கத்திவிட்டேன். அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அழுததை மறைக்க முகம் கழுவுவது நம் தொழிலில் சகஜம், நீங்களும் கற்றுக்கொள்வீர்கள். கையெழுத்துப் போட்டாலும் அவள் வாழ்க்கை, போடாவிட்டாலும் அவள் வாழ்க்கை. நான் தப்பாகக் கணித்தால் அதற்கு விலை கொடுக்கப்போவது நான் இல்லை. அந்த எண்ணம்தான் என்னை அழவைத்தது.

இருக்கிற நாட்களில் என்ன செய்வது? ஸ்டூலில் ஏறி இறங்கு என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தால், மாட்டுக் கொட்டாய்க்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு அதையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பாள். அந்த ஸ்டூலில் மட்டும் உலகத்திலேயே நன்றாக இறங்குகிறவள் ஆகியிருப்பாள். மனப்பாடம் செய்ய முடியாத படி வேண்டும். சத்திரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாலே தெரிகிறதே, மலைக்கோட்டை. உயரம் உயரமாகப் படி, சாய்ந்த படி, தேய்ந்த படி, எண்ணெய் வழிந்த படி, நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற மாமிகள், ஓடி வருகிற குழந்தைகள்.

சாயங்காலங்களில் அங்கே போனோம். ஏறும்போது இஷ்டப்படி ஏறு, இறங்கும்போது இடது கால் முதலில். ஆரம்பத்தில் கைப்பிடியை விடாமல், கொஞ்சம் படிகள்தான். அவளோ காலைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். காலைப் பார்த்துக்கொண்டு கபடி ஆட முடியுமா? அதனால் ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டே இறங்கச் சொன்னேன். வாய் பாடினால் கண் தானாக நிமிர்ந்துவிடும். எதிரே ஏறிக்கொண்டிருந்த ஒரு அம்மா நின்றேவிட்டார்.

“இது என்ன வேண்டுதல்மா?”

“முட்டி வேண்டுதலுக்கா!”

“நல்லபடியா நடக்கும்,” என்று சொல்லி அந்த அம்மா அவள் நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போனார்.

ஜமால் சார் முதல் இரண்டு நாள் அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவருடைய டீமிலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். “எதிர்ல ஆள் வந்தாத்தானே மேடம் ஒதுங்கத் தோணும்,” என்றார். அந்தப் பெண்கள் கீழிருந்து ஏறி வருவார்கள். இவள் பாடிக்கொண்டே இறங்கி, கடைசி நொடியில் ஒதுங்க வேண்டும். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று அவளுக்கும் முன்னால் தெரியாது. எனக்கு இப்படி ஒன்று தோன்றியிருக்காது, அவருக்குத் தோன்றியது. வீட்டில் போய்ச் சொன்னபோது வாத்தியார் தலையாட்டினார். “கணக்கு அதேதான், நம்பர மாத்தி மாத்திக் குடுக்கறார். இப்படிக் குடுத்தாத்தான் பையன் கணக்குப் போடறானா, விடைய ஒப்பிக்கிறானான்னு தெரியும்.”

எல்லாம் ஏறுமுகமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் ஒரு நாள் முட்டி வீங்கிவிட்டது. நிறுத்தச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறிப் போனாள். திரும்பி வருகிற வரை எனக்கு வீட்டில் எதைத் தொட்டாலும் எரிச்சல். வீக்கம் வடிந்து அவள் வந்து நின்றபோது, ஏன் லேட் என்று வேண்டுமென்றே திட்டினேன். சிரித்தாள். மறுபடி படி ஏறினோம்.

தேர்வுக்கு முந்தின நாள் வந்தது. எந்தப் பரீட்சை வைப்பது? வா, இறங்கிக் காட்டு என்று கூப்பிட்டால் இடது காலை முதலில் வைப்பாள். அதில் எனக்கு என்ன தெரியும்? பார்க்கிறார்கள் என்று தெரியாதபோது அவள் என்ன செய்கிறாள் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதனால் அவளுக்குச் சொல்லாமல் காலையிலேயே சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஒரு வாழைப்பழக் கடையில் தொங்குகிற தார்களுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வீட்டுக்காரரும் கூடவே வந்துவிட்டார். சோதனை என்றால் பார்ப்பதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று அவருடைய வாதம். கடைக்காரர் எங்கள் இருவரையும் சந்தேகமாகப் பார்த்ததால் ஒரு சீப்புப் பூவன் வாங்க வேண்டியதாயிற்று.

பஸ் வந்தது. தேன்மொழி படியில் வந்தாள். ஒரு தோளில் பை, காதில் போன், தங்கையோடு சண்டை. “என் சுடிதார எடுத்தேன்னா வந்து பேசிக்கறேன்டி,” என்று கத்திக்கொண்டே இறங்கினாள். இடது கால். மேலே தங்கிய வலது முட்டி அழகாக மடங்கி, நேராக நின்று, பாரத்தை இறக்கியது. அவள் நிற்கவே இல்லை. குறுக்கே ஒரு தள்ளுவண்டி வந்தது. வலது காலை ஊன்றி இடது பக்கம் சட்டென்று ஒதுங்கிப் போய்க்கொண்டே இருந்தாள். சண்டையும் நடந்துகொண்டே இருந்தது.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. “பாத்தீங்களா?” என்றேன்.

“ஒரு ரீடிங்தான் ஆச்சு,” என்றார் அவர். “இன்னொண்ணு எடுக்கணும்.”

இருவரும் அவள் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனோம். நடைமேடை முடிகிற இடத்திலும் இடது கால்தான். அங்கே திரும்பியவள் எங்களைப் பார்த்துவிட்டாள்.

“மேடம்? சார்? ஆத்தத் தாண்டி வாழப்பழம் வாங்கவா வந்தீங்க?”

ஸ்டூலில் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன், அது ஊருக்காக. மனசுக்குள் கையெழுத்து பஸ் ஸ்டாண்டிலேயே போட்டாயிற்று.

தேர்வுக்கு நான் போகவில்லை. போகிற தைரியம் இல்லை. வீட்டை மூன்று தடவை கூட்டினேன். மதியம் ஜமால் சாரிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே சத்தம்.

“முதல் ரெய்டுலயே புடிச்சிட்டாங்க மேடம். வலது பக்கம் போனா. அந்தப் பக்கம் போவான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, மொத்தமா அடச்சு நின்னுட்டாங்க.”

“முட்டி?”

“முட்டிக்கு ஒண்ணும் இல்ல. மறுபடி உள்ள வந்ததும் அடுத்த ரெய்டு கேளுங்க மேடம். அதே மாதிரி போறா, அவங்களும் அதே மாதிரி அடைக்கிறாங்க. இவ இடது பக்கம் வெட்டினா பாருங்க! இவளுக்கு அப்படி ஒரு பக்கம் இருக்குன்னே அந்தப் புள்ளைங்களுக்குத் தெரியாது!” சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. “எடுத்துட்டாங்க மேடம். பேர வாசிச்சிட்டாங்க. அல்ஹம்துலில்லாஹ்.”

போன் கை மாறியது. தேன்மொழி மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். “மேடம், முட்டிய நெனைக்கவே மறந்துட்டேன் மேடம்.”

இதைவிட நல்ல சான்றிதழ் எனக்கு யாரும் தந்ததில்லை. ஆகவே பிள்ளைகளே, ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிற அன்றே, இதை எப்போது விடச் சொல்லப் போகிறோம் என்றும் யோசித்துவையுங்கள். ஒரே பரீட்சையைத் திரும்பத் திரும்ப வைத்துவிட்டு மதிப்பெண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். முடிந்தால் பஸ் ஸ்டாண்டில் போய் நில்லுங்கள்.

இப்படியெல்லாம் உபதேசம் செய்கிறவளுக்குப் போன மாதம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். போன வருடம் குளியலறையில் வழுக்கி என் வலது முட்டி பிசகியது. பெரிதாக ஒன்றுமில்லை, எனக்கு நானே வைத்தியம் பார்த்துச் சரியாகிவிட்டது. போன மாதம் ஒரு நாள் ஸ்ரீரங்கத்தில், கோயிலுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். பஸ்ஸுக்காக நின்றவர்களில் ஒருத்தி அருகே வந்தாள். தேன்மொழி. வேலைக்குச் சேர்ந்து, கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் ஆகி, அம்மாவோடு பெருமாள் சேவித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். எப்படி இருக்கீங்க என்றுகூடக் கேட்கவில்லை.

“மேடம், முட்டி வலிக்குதா?”

“இல்லையே. லேசாப் பிசகிச்சு, அது போன வருஷமே சரியாப் போச்சே.”

“அப்பறம் ஏன் திரும்பி நின்னு வலது கால முதல்ல வச்சு எறங்கறீங்க?”

குனிந்து என் காலைப் பார்த்தேன். பார்த்து என்ன பயன், இறங்கியாகிவிட்டது. “எல்லாம் நல்ல சகுனமா இருக்கட்டுமேன்னுதான்,” என்று சமாளித்தேன். அவள் அம்மாவிடம் பையைக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள். பிறகு பஸ் படியைக் காட்டினாள்.

“வண்டி இன்னும் நிக்குது. ஏறுங்க.”

“எதுக்குடி?”

“இன்னொரு தடவை, மேடம்.”